ஆமைக்குத் தோட்டத்தில் எந்தச் செடிகளை வைக்கலாம்?

வீட்டில் வளர்க்கும் நில ஆமைக்காகத் தோட்டத்தில் எதையெல்லாம் நடலாம், விஷமில்லாத செடிகளின் பட்டியல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமை வந்து சில வாரம்தான் ஆகியிருக்கும், கையோடு நர்சரிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

பட்டியல் என்னிடமும் இருந்தது. அதில் முதல் பெயர் செம்பருத்தி. இலையும் தின்னலாம், பூவும் தின்னலாம். அதில் இன்றைக்கும் தப்பில்லை. தொட்டியோடு வாங்கிவந்து அன்றே ஆமையின் அடைப்புக்குள் நட்டேன். என் ஹெர்மன் ஆமை (நில ஆமையில் ஒரு வகை) நாலு எட்டில் வந்து மேய ஆரம்பித்தது. படமெல்லாம் எடுத்தேன். மூன்றாம் நாள் தீனியைத் தொடவில்லை. நான்காம் நாள் கண்ணே திறக்கவில்லை.

மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "என்ன செடி?" என்றார். செம்பருத்தி என்று கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். "செடி சரி. மண் எங்கே வாங்கியது?" என்றார். தொட்டி மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கலந்திருக்குமே, பெர்லைட், அதைப் பொறுக்கித் தின்றிருக்கிறது! தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து, ஆறாம் நாள்தான் எச்சத்தோடு வெளியே வந்தது. நர்சரியில் செடிக்கு அடித்த பூச்சிமருந்தும் சேர்ந்து படுத்தியிருக்கலாம் என்றார் மருத்துவர். சில மருந்துகள் வேர் வழியாக ஏறி இலை முழுக்கப் பரவும். கழுவினால் போகாது.

அதனால் வாங்கிய செடியை வேர்மண்ணை உதறி, வெறும் மண்ணில் மாற்றி, சில மாதம் ஆமையின் கண்ணில் படாமல் வையுங்கள். பழைய இலை எல்லாம் கழிந்து புதிதாகத் துளிர்த்த பிறகு கொடுக்கலாம். விதை போட்டு வளர்ப்பது இன்னும் நிம்மதி.

சரி, பட்டியல். செம்பருத்தி, முசுக்கொட்டை (மல்பெரி) இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, டான்டிலியன் என்கிற மஞ்சள் பூக் களைச்செடி. சிறுத்தை ஆமை, சுல்கட்டா போன்ற புல் மேயும் வகை என்றால் பெரும்பங்கு புல்லாகவே இருக்கட்டும், அருகம்புல் அருமை. நார் அதிகம், புரதம் குறைவு, பாஸ்பரஸைவிடக் கால்சியம் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், கணக்கு அவ்வளவுதான். பசலைக்கீரையில் கால்சியத்தை உடம்பில் சேரவிடாத ஆக்ஸலேட் அதிகம், தினப்படித் தீனியாக வேண்டாம். "என் ஆமை பழம் தின்கிறதே" என்று சண்டைக்கு வராதீர்கள். செங்கால் ஆமைக்குப் பழம் சரி, ஹெர்மனுக்குச் சரியில்லை. ஆமை வளர்ப்பதே தவறு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, அதைப் பார்த்துவிட்டுத்தான் வளர்க்கிறேன். நட்சத்திர ஆமை 2019 முதல் சைட்டிஸ் என்கிற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது கட்டுப்பாடு மிகக் கடுமையான பட்டியலில், இருப்பதும் தெரியும்.

அரளி, உண்ணிச்செடி, வீட்டுக்குள் அழகுக்கு வைக்கும் டைஃபன்பேக்கியா மூன்றும் பக்கத்திலேயே வேண்டாம். அரளியின் காய்ந்த சருகுகூட விஷம், காற்றில் பறந்து வந்து விழும். "எது விஷம் என்று பிராணிக்கே தெரியும்" என்று இங்கேயே ஒருவர் எழுதியிருக்கிறார். நாலடி அடைப்புக்குள் வேறு தீனி இல்லாத ஆமை எதைக் கண்டு ஒதுங்கும்?

களை என்று நாம் பிடுங்கி எறிவதில் பாதி அதற்கு விருந்து. அதனால் என் தோட்டம் பார்க்கப் புதர் மாதிரிதான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பொறுக்காமல், என்னைக் கேட்காமலே வேலியோரம் களைக்கொல்லி அடித்தார். அதனால் வேலியோரம் ஓரடி அகலத்துக்கு இப்போது கல் பாவிவிட்டேன்.

அப்புறம், இளஞ்செடியை அப்படியே விட்டால் வேரோடு முடித்துவிடும். கம்பிக்கூடை ஒன்றைச் செடிமேல் கவிழ்த்து வையுங்கள், கம்பிக்கு வெளியே நீளும் இலையை மட்டும் கடித்துக்கொள்ளும். அந்தச் செம்பருத்தி இப்போது அப்படித்தான் நிற்கிறது, கூடைக்கு மேலே ஒரு முழம்.