தேசிய அரசியல் ஏன் இப்படி ரெண்டா பிளந்து கெடக்கு, ஓட்டு போடுறவங்களுக்கே ஏன் வெறுத்துப் போச்சு?

நான் மன்னார்குடி பக்கம், பதினஞ்சு மா நெலத்துல சாகுபடி. டெல்லி அரசியல் ஏன் இவ்வளவு சண்டையாவும் சலிப்பாவும் ஆயிடுச்சுன்னு கேட்டிருக்கீங்க, நான் பாத்த இடத்துலேர்ந்தே சொல்றேன்.

ரெண்டு மூணு வருஷத்துக்கு முந்தி ஐப்பசி மழையில கொள்முதல் நிலையத்து வாசல்ல பதினோரு நாள் குறுவை நெல்லோட கெடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்த தாண்டுனா எடுக்க மாட்டாங்க, அத தளர்த்தணும்னா மாநிலம் டெல்லிக்கு எழுதணும், அங்கேர்ந்து குழு வந்து சாம்பிள் எடுத்துட்டுப் போகணும், அப்பறம்தான் உத்தரவு. படுதா போட்டு மூடியும் அடியில தண்ணி எறங்கிடுச்சு, குவியலுக்குள்ள கைய விட்டா நெல்லு கொதிக்குது, அள்ளிப் பாத்தா வெள்ள வெள்ளையா முளை. அந்த நேரத்துல எங்க சித்தப்பாவும் பக்கத்து குவியல்காரரும் மத்திய அரசுதான் காரணம், இல்ல மாநில அரசுதான் காரணம்னு மல்லுக்கு நிக்கிறாங்க, ரெண்டு பேரு போன்லயும் அவங்கவங்க கட்சி வீடியோ ஓடுது. ரெண்டு பேரு நெல்லும் முளைச்சுதான் போச்சு. ஒரே வாய்க்கா தண்ணி பாயுற வயக்காரங்க, அன்னையிலேர்ந்து பேச்சு இல்ல.

ஜனங்களுக்குள்ள வெறுப்பு கூடிப்போச்சு அதான் அரசியல் இப்படின்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம எம்பி நம்ம விஷயத்துக்கு பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாம போச்சு, அதான் வேரு. 1985ல கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துச்சு, காசுக்கு கட்சி மாறுறத தடுக்கத்தான் கொண்டு வந்தாங்க, நல்ல நோக்கம்தான். ஆனா சபையில இப்படித்தான் ஓட்டு போடணும்னு கட்சி போடுற கொறடா உத்தரவ மீறி ஓட்டு போட்டா பதவி காலி, அப்பறம் எந்த எம்பி தொகுதிக்காக சொந்தக் கட்சிய எதுத்து கை தூக்குவாரு? 2020ல விவசாயச் சட்டங்கள ராஜ்யசபாவுல அத்தன அமளிக்கு நடுவுல குரல் ஓட்டுலயே முடிச்சாங்க, 2021 நவம்பர்ல வாபஸ் வாங்குனப்பவும் விவாதமே இல்லாம சில நிமிஷத்துல முடிச்சாங்க. ஒரு வருஷமா ரோட்டுல உக்காந்து போராடுன விஷயம் சார் அது, ரெண்டு தடவையும் சபையில ஒழுங்கா பேசவே இல்ல.

இன்னொன்னு, ஜெயிக்க எல்லாரும் வேணாம். 2014ல பிஜேபி 31 சதவீத ஓட்டுல 282 சீட்டு, அதே தேர்தல்ல இங்க அதிமுக 45 சதவீதத்துக்கும் கீழ வாங்கி 39ல 37 சீட்டு. நம்மாளுங்க சூடா இருக்கணும், எதிராளி ஓட்டு சிதறணும், அவ்வளவு போதும்னு ஆனப்பறம் எதிராளிகிட்ட போயி எதுக்கு பேசப்போறாங்க? எவன பாத்து பயப்படணும்னு சொல்லிக் குடுத்துட்டாலே வேல முடிஞ்சுது.

பணமும் இருக்கு. 2016ல தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தலையே பணப்பட்டுவாடான்னு ஆணையம் ரத்து பண்ணி நவம்பர்ல திரும்ப நடத்துச்சு. காசு வாங்குன மனுஷன் எந்த மூஞ்ச வச்சுகிட்டு எம்பிகிட்ட போயி என் நெல்லு என்னாச்சுன்னு கேப்பான்? கேக்க மாட்டான், ஒதுங்கிடுவான். ஓட்டு போடுறவங்களுக்கே வெறுத்துப் போச்சுன்னு நீங்க சொல்றது இந்த ஒதுங்குறதத்தான்னு நெனைக்கிறேன்.

2024 ஏப்ரல் 19, நல்ல வெயில், அம்மாவ வண்டியில வச்சு பூத்துக்கு கூட்டிட்டுப் போனேன். முந்தின அக்டோபர்லயே மேட்டூர மூடிட்டாங்க, ஆத்துல வெறும் மணல், பாலத்த தாண்டுறப்ப அத பாத்துகிட்டே, இந்த தண்ணிய பத்தி யாராச்சும் ஏதாவது சொன்னாங்களாடான்னு கேட்டாங்க. பிரச்சாரத்துக்கு எங்க தெருவுக்குள்ள வந்த நாலு வண்டியும் மத்தவன திட்டுனதுதான் என் காதுல விழுந்துச்சு, அதனால இல்லம்மான்னுதான் சொன்னேன். அப்பவும் எறங்கிப் போயி வரிசையில நின்னாங்க.