பதினாறு வயதில் கல்லூரி: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

நாங்கள் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு வடக்கே பாத்தலில் இருக்கிறோம். மகள் பத்தாவது படிக்கிறாள். பதினொன்றாம் வகுப்பிலிருந்து ரன்னிங் ஸ்டார்ட்டில் சேரப்போகிறேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், பள்ளியில் பெயர் இருக்கும், வகுப்பெல்லாம் இரண்டு வருஷப் படிப்பு நடத்தும் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில்தான்.

என் கணவருக்கு இதில் துளியும் சம்மதமில்லை. எங்கேயும் இடம் கிடைக்காதவர்கள் போகிற காலேஜ் அது என்கிறார். எங்கள் தமிழ்ப் பள்ளி வட்டாரத்தில் பிள்ளைகள் ஏபி வகுப்புகளாக, அதாவது பள்ளியிலேயே நடக்கும் கல்லூரித் தரப் பாடங்களாக, எடுத்துத் தள்ளுகிறார்கள். நாம் மட்டும் ஏன் வேறு வழியில் போகவேண்டும் என்பது அவர் கேள்வி. இன்னொரு பக்கம், ஒரு நண்பர் வீட்டுப் பையன் பள்ளியை முடிக்கும்போதே இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பையும் முடித்துவிட்டான். அவ்வளவு ஃபீஸ் மிச்சம் என்று அவர்கள் சொல்லும்போது எனக்கும் ஆசை வருகிறது.

அட்மிஷனுக்கு எது நல்லது, ஏபியா ரன்னிங் ஸ்டார்ட்டா? நாங்கள் இன்னும் எச்1பி வேலை விசாவில்தான் இருக்கிறோம், மகள் எங்களைச் சார்ந்த எச்4 விசாவில். அதனால் ஏதாவது தடை வருமா? இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். தினமும் அவளை யார் கொண்டுபோய் விடுவது என்ற பிரச்சினையும் இருக்கிறது.

ஆர்., பாத்தல்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் கணவர் சொன்னது இருக்கிறது, தமிழ்ப் பள்ளி வட்டாரம் இருக்கிறது, நண்பர் வீட்டுப் பையன்கூட இருக்கிறான். மகள் இதை ஏன் கேட்கிறாள் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. பள்ளியில் பாடம் போரடிக்கிறதா, நெருங்கிய தோழி போகிறாளா, பள்ளியில் இல்லாத ஏதாவது ஒரு பாடத்தைப் படிக்க ஆசையா, இல்லை அந்த வளாகத்திலேயே அவளுக்கு ஏதாவது தொல்லையா? என் பதில் இதைப் பொறுத்து மாறும். முதலில் அவளிடம் கேளுங்கள். மறுப்பதற்கு முன்தயாரிப்பாக இல்லாமல், சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள்.

அட்மிஷன் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகம் இரண்டையுமே கடினமான படிப்பு என்றுதான் எடுத்துக்கொள்கிறது. முடித்த கல்லூரிப் பாடங்களுக்கான கணக்கு அலகான கிரெடிட் எத்தனை வைத்திருந்தாலும், பள்ளி முடித்து நேராக வருகிறவரை முதல் வருஷ மாணவராகவே பரிசீலிக்கிறது. கிழக்குக் கரையின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் வேறு ரகம். பள்ளிக் காலத்தில் வாங்கிய கிரெடிட்டைப் பல இடங்களில் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். படித்ததைப் பாராட்டுவார்கள், பட்டத்துக்குத் தேவையானதை மறுபடி அங்கேதான் படிக்கச் சொல்வார்கள். மகளின் கனவு அந்தப் பக்கம் என்றால் "இரண்டு வருஷ ஃபீஸ் மிச்சம்" என்ற கணக்கை இப்போதே மறந்துவிடுங்கள்.

கணவரின் ஆட்சேபம் நம் ஆட்களிடம் நான் அடிக்கடி கேட்பதுதான். கல்லூரி என்றாலே நுழைவுத் தேர்வும் கட்டாஃபும் என்று வளர்ந்தவர்கள் நாம். எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற கல்லூரியில் மரியாதை எங்கிருந்து வரும் என்று மனம் கேட்கிறது. அவரிடம் இதைச் சொல்லுங்கள். இந்த மாநிலக் கம்யூனிட்டி காலேஜ்களின் பாடப் பட்டியலைத் திறந்தால் சில பாடக் குறியீடுகளில் ஆங்கில எழுத்துகளை ஒட்டி '&' என்ற குறி இருக்கும். அது மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாடம் என்பதற்கான அடையாளம். அந்தக் குறியுள்ள ஆங்கிலம் 101ஐ எவரெட்டில் படித்தாலும் பெல்வியூவில் படித்தாலும் ஒரே பாடமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இது பின்வாசல் ஏற்பாடும் இல்லை. பதினொன்று, பன்னிரண்டில் இருப்பவர்கள் கல்லூரியில் படிக்கலாம் என்று மினசோட்டா மாநிலம் 1985இல் ஆளுநர் ரூடி பெர்பிச் காலத்தில் சட்டம் போட்டது. வாஷிங்டனில் 1990இல் வந்தது. இப்போது நாடு முழுவதும் வருஷத்துக்கு 25 லட்சத்துக்கும் அதிகமான பள்ளி மாணவர்கள் இப்படி ஏதாவது ஒரு கல்லூரிப் பாடமாவது படிக்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். டியூஷன் உங்களுக்கு இலவசம். மாணவருக்காக அரசு பள்ளி மாவட்டத்துக்குத் தரும் தொகையில் 7 சதவீதத்தை மாவட்டம் வைத்துக்கொண்டு மீதியைக் கல்லூரிக்குக் கொடுத்துவிடுகிறது. சில பள்ளிகள் ஏபியைப் பற்றி ஆர்வமாகப் பேசிவிட்டு ரன்னிங் ஸ்டார்ட் என்றதும் சுருதி இறங்குவதற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். புத்தகம், சில்லறைக் கட்டணங்கள், போக்குவரத்து எல்லாம் உங்கள் பொறுப்பு. அறிவியல் பாடப் புத்தகம் ஒன்றே சில சமயம் நூறு டாலரைத் தாண்டும்.

யாரும் முன்கூட்டி விளக்காமல் விடுவது வேகத்தைத்தான். கல்லூரியில் 5 கிரெடிட் பாடம் ஒன்று முடித்தால் பள்ளிக் கணக்கில் 1 கிரெடிட். பள்ளியில் அந்த 1 கிரெடிட்டுக்கு ஒரு முழு வருஷம் உட்காரவேண்டும், இங்கே ஒரு குவார்ட்டரில் முடிந்துவிடும். குவார்ட்டர் என்பது சுமார் பதினோரு வாரம். இப்படி மூன்று பாடம் சேர்ந்தால் முழு நேரம். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பள்ளியில் சமாளித்துக்கொள்ளலாம். இங்கே அதற்குள் இரண்டு அத்தியாயம் ஓடியிருக்கும்.

நான் சில வருஷம் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கணக்கு உதவி மையத்தில் மாலை நேரங்களில் உட்கார்ந்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் நோட்டோடு வந்து சந்தேகம் கேட்கலாம். ஓர் அக்டோபர் மாலை பதினாறு வயதுப் பையன் ஒருவன் கால்குலஸ் முதல் தேர்வுத் தாளைக் கொண்டுவந்தான். அறுபத்தொன்று. பள்ளியில் ஏ தவிர எதையும் பார்த்தறியாத பிள்ளை என்று முகமே சொன்னது. தப்பான கணக்குகளைப் பற்றிக் கேட்பான் என்று பார்த்தால், "ரீடேக் எப்போ?" என்றான். அவன் பள்ளியில் மறுபடி எழுத விடுவார்கள், எக்ஸ்ட்ரா கிரெடிட் கொடுப்பார்கள். சிலபஸைத் திறக்கச் சொன்னேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: மறுதேர்வு கிடையாது, தாமதமாக வரும் வீட்டுப்பாடத்துக்குச் சுழியம், இறுதித் தேர்வுக்கு முப்பது சதவீதம். நான்கு வாரமாக அவன் அந்தத் தாளைப் படிக்கவே இல்லை.

அதே மேஜையில் நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார். நர்சிங் ஹோமில் இரவு ஷிஃப்ட், சீருடையோடுதான் வருவார். இருவருக்கும் ஒரே வகுப்பு. லிமிட் புரியவில்லை என்று அவனைக் கேட்டார். அவன் சொல்ல ஆரம்பித்து, பாதியில் தனக்கே புரியவில்லை என்று தெரிந்து நின்றுவிட்டான். அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து பக்கத்தைப் புரட்டினார்கள். மையம் மூடும்வரை எழுந்திருக்கவில்லை. நம் பிள்ளைகள் ஒரே வயது, ஒரே வசதி, ஒரே போட்டி என்று ஒரு கூட்டத்துக்குள்ளேயே வளர்கிறார்கள். படிப்பைத் தன் சம்பாத்தியத்தில், தூக்கத்தை விட்டுப் படிக்கிற ஒருவர் பக்கத்தில் உட்காரும் வாய்ப்பு ஏபி வகுப்பில் கிடைக்காது. ரன்னிங் ஸ்டார்ட்டில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். பணம் மிச்சமாவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது, உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப்போகிற விஷயம். பள்ளியில் இப்போது மகளின் மதிப்பெண்ணை நீங்கள் ஃபோனிலேயே பார்க்கிறீர்கள். கல்லூரியில் அந்தக் கதவு மூடிவிடும். கல்லூரியில் சேர்ந்தவர் எந்த வயதாக இருந்தாலும் அங்குள்ள பதிவேடுகளின் உரிமை மாணவருக்கே என்பது மத்திய அரசின் சட்டம். தமிழ் அப்பா ஒருவர் அலுவலக ஜன்னலில் நின்று "நான் அவனோட அப்பா" என்று மூன்று தடவை சொன்னதைப் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஊழியர் முகம் கோணாமல், அப்படி ஒரு மாணவர் இங்கே இருக்கிறாரா என்பதைக்கூட என்னால் சொல்ல முடியாது என்றார். பையனுக்கு வயது பதினேழு. பேராசிரியருக்கு நீங்கள் மின்னஞ்சல் எழுதினாலும் இதே கதைதான். குவார்ட்டர் முடிந்து மதிப்பெண் பள்ளிக்கு வந்தபின் அங்கே பார்த்துக்கொள்ளலாம். நடுவில் தெரியவேண்டும் என்றால் மகள்தான் சொல்லவேண்டும். உங்களுக்கென்று இருக்கிற இடம், ஒவ்வொரு குவார்ட்டரும் பள்ளிக் கவுன்சலர் நிரப்பித் தரும் படிவத்தில் ஒரு கையெழுத்து. அதுவும் அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரைதான்.

ஆகவே அவள் தயாரா என்று பார்க்கும்போது ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பாடம் புரியவில்லை என்றால் ஆசிரியரிடம் போய்த் தானே கேட்கிறாளா, நீங்கள் ஞாபகப்படுத்தாமல் ஒரு வேலையைத் தேதிக்குள் முடிக்கிறாளா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் ஏபிதான் அவளுக்குப் பாதுகாப்பு. ஏபியில் ஆசிரியர் வருஷம் முழுக்கக் கையைப் பிடித்து நடத்துவார். மே மாதப் பரீட்சை சரியாக எழுதாவிட்டால் கிரெடிட் போகும், அவ்வளவுதான், வேறு சேதமில்லை. இங்கே அப்படியில்லை. கல்லூரியில் வாங்கும் சி, பள்ளி டிரான்ஸ்கிரிப்டிலும் ஏறும், கல்லூரி டிரான்ஸ்கிரிப்டிலும் ஏறும். பின்னால் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தால், பதினாறு வயதில் வாங்கிய அந்த மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் ஜிபிஏ போடுவார்கள். டாக்டர் கனவு இருக்கிற வீடுகளில் இதைக் கேட்டதும் ஒரு அமைதி வரும். அதே சமயம், மூன்று மணி நேரப் பரீட்சையில் பதறுகிற, ஆனால் வாராவாரம் ஒழுங்காகப் படிக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும்.

நண்பர் வீட்டுப் பையன் விஷயம். ஒரு குவார்ட்டருக்கு 15 கிரெடிட், வருஷத்துக்கு மூன்று குவார்ட்டர், இரண்டு வருஷத்தில் 90. இரண்டு வருஷப் பட்டமான அசோசியேட் பட்டம் கையில். கணக்கு சரிதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணமே வருஷத்துக்குச் சுமார் 13,000 டாலர் என்னும்போது அது லேசான பணமும் இல்லை. ஆனால் அந்த 90 கிரெடிட்டில் என்னென்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. எஞ்சினியரிங் போகிறவருக்குக் கால்குலஸ் தொடர், கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல், புரோகிராமிங் எல்லாம் வரிசையாக வேண்டும். சமூகவியலும் சினிமா ரசனையும் எடுத்து 90 நிரப்பினால் பட்டம் வரும், மேஜர் என்ற முதன்மைப் பாடத்தில் இன்னும் முதல் படியில்தான் நிற்பார். கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு அங்கே பெரும்பாலான இடங்கள் முதல் வருஷத்திலேயே நேரடியாகப் போய்விடுகின்றன. கையில் அசோசியேட் பட்டம் இருப்பதால் அந்தக் கதவு திறக்காது. போதாததற்கு, பதினெட்டு வயதில் மூன்றாம் வருஷத்தில் போய் நின்றால் எதைப் படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமும் இருக்காது. என்னைக் கேட்டால், மிச்சமான வருஷத்தைப் பட்டத்தைச் சுருக்கச் செலவழிக்க வேண்டாம். இரண்டாவதாக ஒரு மேஜர் எடுக்கலாம், ஒரு ஆய்வகத்தில் போய் உட்காரலாம். ஆனால் நீங்கள் என்னைக் கேட்டது அதையல்ல, சரி.

நான் சொல்லும் வழி, முதல் குவார்ட்டரில் இரண்டு பாடம் மட்டும். ஆங்கிலம் 101 ஒன்று, அவள் ஆசைப்பட்டது ஒன்று. மீதி பள்ளியிலேயே. கால்குலஸையும் வேதியியலையும் முதல் முறையே ஜோடியாக எடுக்க வேண்டாம். டிசம்பரில் அவளே தெரிந்துகொள்வாள். பள்ளியை முழுக்க விட்டுப் போனவர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள்: ஆர்கெஸ்ட்ரா, டென்னிஸ் எல்லாம் பள்ளியில் தொடரலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் மதியச் சாப்பாட்டு மேஜையில் இடம் போய்விடும். பதினாறு வயதில் அது சின்ன விஷயமில்லை. கல்லூரியில் நட்பு கிடைப்பது கடினம். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் வேலைக்கு ஓடுவார்கள். இன்னொரு வழியும் உண்டு. தன் பள்ளியிலேயே, தன் ஆசிரியரிடமே கல்லூரிப் பாடம் படித்துக் கிரெடிட் வாங்கலாம். அரசுப் பள்ளிகளில் 2023இல் வந்த சட்டத்தால் அதற்கும் கட்டணமில்லை. கவுன்சலரிடம் எந்தெந்தப் பாடம் இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்க வேண்டியது நீங்கள் இல்லை, அவள்.

விசா. எச்4இல் இருப்பவர் படிக்கத் தடையில்லை, ரன்னிங் ஸ்டார்ட்டுக்கும்தான். சொல்லப்போனால் மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடைக்காத உங்களுக்கு இந்த இலவச டியூஷன் மற்றவர்களைவிடக் கூடுதல் உபயோகம். இருபத்தொரு வயதில் எச்4 முடிந்துவிடும், அதற்குள் பட்டம் வாங்கிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று சில வீடுகளில் கணக்குப் போடுகிறார்கள். பட்டம் சீக்கிரம் வருவதால் வேலை செய்யும் அனுமதி தானாக வராது, அதற்கு எஃப்1 மாணவர் விசா போன்ற வேறு நிலைக்கு மாறவேண்டும். எப்போது மாறுவது என்பதைக் குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள், வாட்ஸாப் குழுவில் கேட்காதீர்கள்.

கடைசியாக, யார் கொண்டுபோய் விடுவது. யாரும் விட வேண்டாம். இந்த மாநிலத்தில் 2022 அக்டோபரிலிருந்து பதினெட்டு வயது வரை அநேகமாக எல்லா பஸ்ஸிலும் காசு கிடையாது. பாத்தலிலிருந்து பஸ் இருக்கிறது. எட்டு மணி வகுப்பாக இல்லாமல் பத்து மணி வகுப்பாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள், நவம்பரில் எட்டு மணி வகுப்புக்கான பஸ் என்றால் இருட்டில் நிற்கவேண்டும்.