பானெட்டுக்கு மேலே ஒரு கட்டில்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகளுக்குச் சங்ககிரி மெக்கானிக் ஒருவரின் பதில்கள்

கேள்வி: அண்ணா, வணக்கம். சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். அதிகமாக வருவது பொலிரோ பிக்கப். எப்போதாவது பழைய மூக்கு வைத்த லாரியும் வரும். வண்டிக்கு அடியில் படுத்துப் போகிற சக்கரப் பலகை என்னிடம் இருக்கிறது. இப்போது பானெட்டைத் திறந்துவிட்டு, இன்ஜினுக்கு மேலே குப்புறப் படுத்து வேலை பார்க்க உயரமான கிரீப்பர் ஒன்று வந்திருக்கிறதே, அது நமக்கு உதவுமா? வாங்குவதா, இங்கேயே வெல்டிங் வைத்துக்கொள்வதா?
வாசகர், பெருந்துறை

பதில்: உதவும் தம்பி. ஆனால் எந்த வேலைக்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். நான் தெரியாமல் செய்யவைத்து, விலா எலும்பில் அடிபட்டு, இருபது நாள் இருமக்கூட முடியாமல் கிடந்தவன்.

என் காலத்தில் வந்ததெல்லாம் டாடா 1210 எஸ்.இ. மாதிரி மூக்கு வண்டிகள். பம்பர் மேல் ஒரு கால், ஃபெண்டர் மேல் ஒரு முட்டி, ரேடியேட்டருக்கு மேலே வயிறு. நடுவில் ஒரு சாக்கு. அதுதான் அன்றைய கிரீப்பர். சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் வயிற்றில் ரேடியேட்டர் பட்டையின் தடம் அப்படியே பதிந்திருக்கும். வீட்டில் யாரிடம் அடி வாங்கினாய் என்று கேட்பார்கள்.

நீங்கள் சொல்கிற சாமான் கிட்டத்தட்ட ஓர் ஏணியும் கட்டிலும் சேர்ந்தது. கீழே நான்கு சக்கரம், ஏறுவதற்குப் படி, மேலே மெத்தை வைத்த பலகை. அடிக்கால்கள் பம்பருக்குக் கீழே நுழைந்துவிடும். பலகை இன்ஜினுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வெளிநாட்டிலிருந்து வருவதில் 400 பவுண்டு, அதாவது சுமார் 180 கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். எடை தாங்குவது பெரிய விஷயமில்லை. கவிழாமல் நிற்பதுதான் விஷயம்.

நம்மூர் வெல்டிங்காரர்கள் குழாயை முறியாமல் ஒட்டிவிடுவார்கள், அதில் குறையே சொல்ல முடியாது. எனக்குச் செய்து தந்தவரும் அப்படித்தான், கல் மாதிரி செய்தார். அடிக்கால் நீளத்தைத்தான் நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இந்தக் கட்டில் ஸ்டாண்டின் எடை 30 கிலோ. அந்த எடையின் நடு, ஸ்டாண்டின் முன் சக்கரத்திலிருந்து 60 செ.மீ. பின்னால் இருக்கிறது. 30ஐ 60ஆல் பெருக்கினால் 1800. உங்கள் தொப்புள் சரியாக முன் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆள் படுத்தால் உடம்பின் எடை நடு தொப்புளுக்குப் பக்கத்தில்தான் விழும். அதனால் உங்கள் எடை எந்தப் பக்கமும் சாய்க்காது. இப்போது 25 கிலோ சாமான் ஒன்றைக் கை நீட்டி, 65 செ.மீ. முன்னால் தூக்குகிறீர்கள். 25ஐ 65ஆல் பெருக்கினால் 1625. தராசு ஏறத்தாழ சமத்துக்கு வந்துவிட்டது. ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் போதும், பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எனக்கு நடந்தது அதுதான். ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரைப் படுத்தபடியே தூக்கினேன். மோட்டார் கீழே, அதன் மேல் நான், என் மேல் ஸ்டாண்டு.

ஆகவே தொப்புள் முன் சக்கரத்தைத் தாண்டக் கூடாது. கனமான சாமானைப் படுத்துக்கொண்டு தூக்கவே கூடாது. அதற்குச் சங்கிலியை இழுத்துக் கனம் தூக்குகிற செயின் பிளாக் இருக்கிறது. தூரத்தில், கேபின் தகரத்தை ஒட்டி இருக்கிற நட்டுக்கு எட்டவில்லை என்றால் இறங்கி, ஸ்டாண்டை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு ஏறுங்கள். பத்து தடவை என்றாலும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று பலர் யோசிப்பதில்லை. ஸ்பானருக்குப் பலம் கையிலிருந்து வருவதில்லை, காலிலிருந்து வருகிறது. தரையில் கால் ஊன்றி நிற்கிறவன் துருப்பிடித்த நட்டை ஒரு முறுக்கில் உடைப்பான். குப்புறப் படுத்தவனுக்கு ஊன்ற என்ன இருக்கிறது? சக்கரத்தைப் பூட்டியிருந்தாலும் நீங்கள் முறுக்குகிற பக்கத்துக்கு எதிராக உங்கள் உடம்பே வழுக்கும். நட்டு விட்டுக்கொடுக்கிற நொடியில் கை போய் ஃபேன் ஷ்ரவுடில், அதாவது ஃபேனைச் சுற்றியிருக்கிற கூட்டில், இடிக்கும். முதலில் கீழே நின்று இறுகிய நட்டை எல்லாம் அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். அப்புறம் ஏறிப் படுத்துச் சாவகாசமாகக் கழற்றுங்கள். பூட்டும்போது இதையே திருப்பிச் செய்யுங்கள்: படுத்துக் கையால் ஓட்டிவிட்டு, கடைசி இறுக்கை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சால் நின்றுகொண்டு கொடுங்கள். வயரிங் தேடுவது, இன்ஜெக்டர் பைப், ஹோஸ் கிளிப், வால்வு கிளியரன்ஸ் மாதிரி மணிக்கணக்கில் குனிந்து நோண்டுகிற வேலைதான் இந்தக் கட்டிலுக்கு உரிய வேலை.

செய்வதானால், பைப் வாங்கப் போவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போங்கள். தரையிலிருந்து பம்பரின் அடி எவ்வளவு, இரண்டு முன் டயருக்கும் நடுவில் இடம் எவ்வளவு, பானெட்டைத் தூக்கி நிறுத்தினால் உங்கள் தலைக்கும் தகரத்துக்கும் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள். லாரி என்றால் முன் ஆக்சிலும், இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற டை ராடும் தொங்கிக்கொண்டு அடிக்காலை மேற்கொண்டு உள்ளே போக விடாது, அதையும் பாருங்கள். சக்கரம் 5 அங்குலத்துக்குக் குறையாமல், பிரேக்கோடு வாங்குங்கள். நான் 2 அங்குலம் போட்டேன்; தரையில் கிடந்த ஒரு வாஷர் அதை நிறுத்திவிட்டது. மண் தரைப் பட்டறை என்றால் இந்த யோசனையே வேண்டாம், முதலில் காங்கிரீட் போடுங்கள்.

மெத்தை இடுப்பிலிருந்து நெஞ்செலும்பு வரை வரட்டும். கழுத்துக்கு வேண்டாம், அது சுதந்திரமாக ஆட வேண்டும். ஃபோம் மெலிந்தால் முழு உடம்பும் விலாவில் உட்கார்ந்து மூச்சு வாங்கும். எண்ணெய் துடைக்க ரெக்சின் சுற்றுங்கள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஏறாதீர்கள், சாம்பார் தொண்டைக்குத் திரும்பி வரும். சட்டைப் பையைக் காலி செய்யுங்கள். என் மூக்குக் கண்ணாடி ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் விழுந்ததிலிருந்து அதற்கு நூல் கட்டிக்கொள்கிறேன்.

நிற்கிறவனுக்கு இன்ஜின் கை தூரத்தில் இருக்கிறது. படுத்தவனுக்கு முகத்துக்கு நேரே இருக்கிறது. அதனால் இன்ஜின் ஓடும்போது அதன் மேல் படுக்கவே படுக்காதீர்கள். துண்டு, தொங்குகிற செயின் எதுவும் வேண்டாம். மின்சார ஃபேன் சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்றும். ஏறும் முன்பு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். டீசலை மிக அதிக அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு அனுப்புகிற காமன்ரெயில் வண்டியில் டீசல் கசிவை விரலால் தடவிப் பார்க்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். லாரி டயரில் இருக்கிற காற்றின் அழுத்தம் சுமார் 8 பார். அந்தப் பைப்பில் ஓடுவது 1,000 பாருக்கு மேல். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே கொசு கடித்த மாதிரிதான் தெரியும். அப்படி ஆனால் வலிக்கவில்லை என்று உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கசிவு பார்க்க நீளமான அட்டைத் துண்டு போதும்.

பானெட்டைத் தாங்குகிற கம்பியை நம்பாமல் ஒரு கயிறும் கட்டிவிடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 52. முப்பது வருஷமாகக் குனிந்தே வேலை பார்த்து இடுப்பு போய்விட்டது. இந்த மாதிரி ஒன்று வாங்கித் தரலாம் என்றால், "படுத்துக்கிட்டு வேலை பார்த்தா பட்டறைக்கு வர்றவங்க சிரிப்பாங்க" என்கிறார். நீங்களே சொல்லுங்கள்.
வாசகி, திருச்செங்கோடு

பதில்: அம்மிணி, அவர் குனிந்து நிற்கும்போது யாரும் சிரிக்காததால்தான் இடுப்பு போனது. எனக்கு இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் எல்4, எல்5 என்று ஸ்கேனில் வட்டம் போட்டுக் காட்டினார்கள். நாமும் எத்தனையோ வட்டம் பார்த்தவர்கள்தானே, பேரிங் தேய்ந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா என்று எழுந்து வந்தேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போனேன்.

சிரிக்கிறவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒரு வாரத்தில் அவர்களே ஏறிப் பார்ப்பார்கள். ஆனால் இடுப்பு வலிக்கு இது மருந்து இல்லை. குனிவது குறையும், அவ்வளவுதான். படி ஏறி இறங்குவதே சிரமம் என்றால் இது புதுத் தொல்லை. குடலிறக்கம், நெஞ்சில் ஆபரேஷன், ஓயாத நெஞ்செரிச்சல் ஏதாவது இருந்தால் குப்புறப் படுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். முதலில் யாரிடமாவது இருப்பதில் அரை மணி நேரம் படுக்கச் சொல்லிப் பாருங்கள். இன்னொன்று, வீட்டில் அவரைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட விடாதீர்கள். பட்டறையில் மிச்சம் பிடித்ததை அங்கே செலவழித்துவிடுவார்.

கேள்வி: கேபினைச் சாய்க்கிற லாரிக்கு இது ஆகுமா?
டிரைவர், நாமக்கல்

பதில்: தேவையில்லை. கேபின் முன்னால் கவிழ்ந்துவிட்டால் இன்ஜின் மூன்று பக்கமும் திறந்து கிடக்கிறது, சேசிஸ் மேல் பலகை போட்டு உட்கார்ந்தால் முடிந்தது. ஆனால் கேபினை முழுசாகச் சாய்த்து, லாக் கம்பி விழுந்திருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்த பிறகு உள்ளே தலையைக் கொடுங்கள். ஹைட்ராலிக் பம்பு தாங்கும் என்று பாதியில் நிறுத்திவிட்டு நுழையாதீர்கள். சாய்ப்பதற்கு முன்னால் கேபினுக்குள் இருக்கிற தண்ணீர்க் கேன், டிபன் கேரியர், சாமி படம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கண்ணாடி உடைவது பெரும்பாலும் அவற்றால்தான்.