மன்னான் ஒட்டாததற்குக் கால்சியம்தான் காரணம்

காரைக்குடியிலிருந்து கேட்டிருந்தீர்கள்: டென்ட்ரிட்டிக் செல்களில் (கிருமிகளைப் பிடிக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) ஒளிரும் மன்னான் (மன்னோஸ் சர்க்கரை கோத்த சங்கிலி) ஒட்டவில்லை, ஈஸ்ட் மட்டும் ஒட்டுகிறது, ஏன் என்று. செல்களை, கால்சியத்தைக் கவ்வி எடுக்கும் இ.டி.டி.ஏ. போட்டுப் பெயர்த்து வெறும் பி.பி.எஸ்.ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கழுவினேன் என்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

செல்லின் மேலிருக்கும் டிசி-சைன், மன்னோஸ் ஏற்பி இரண்டும் சி-வகை லெக்டின்கள், அதாவது சர்க்கரையைப் பிடிக்கும் புரதங்கள். ஏற்பியின் குழியில் கால்சியம் அயனி உட்கார்ந்திருக்கும். மன்னோஸின் அடுத்தடுத்த இரண்டு ஹைட்ராக்சில்கள் நேரே அதைத்தான் பிடிக்கின்றன. நம் பக்கம் நகரத்தார் வீட்டில் புது ஆளிடம் 'எந்த ஊர், எந்தக் கோவில்?' என்று கேட்பார்களே, அப்படி விசாரிக்கும் வாய் கால்சியம். இ.டி.டி.ஏ. அந்த வாயை அடைத்துவிட்டது. ஈஸ்ட் ஒட்டியது பெரும்பாலும் டெக்டின்-1 என்ற இன்னொரு ஏற்பி வழியாக இருக்கும். ஈஸ்ட் சுவரிலுள்ள பீட்டா-குளுக்கானைப் பிடிக்க அதற்குக் கால்சியம் வேண்டாம்.

சரி, செய்ய வேண்டியது: உப்பு கலந்த ட்ரிஸ் பஃபர் (பாஸ்பேட் இல்லாமல் பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்), பிஎச் 7.4, கூடவே 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு. கால்சியத்தைப் பாஸ்பேட்டில் கலந்தால் வெள்ளையாகப் படியக்கூடும். அதைப் பாக்டீரியா என்று நினைத்து நான் ஒரு நாளையே தொலைத்திருக்கிறேன். செல்களைப் பெயர்க்க, புரதத்தை வெட்டும் டிரிப்சின் பக்கம் போகாதீர்கள், ஏற்பியையே வெட்டிவிடலாம். அப்புறம் ஒரு குழாயில் மட்டும் வேண்டுமென்றே 5 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. சேருங்கள். அதில் மட்டும் ஒளி மங்கினால், ஒட்டியது கால்சியம் தேவைப்படும் இந்த லெக்டின்கள் வழியாகத்தான்.