ஸ்ட்ரெயிட்டனிங்கா, ஸ்மூத்தனிங்கா? கேள்வி பதில்

(சலூனில் கெமிக்கல் வேலைகளைப் பார்க்கிறேன். என் வேலைக்குள் வரும் கேள்விகளுக்கு மட்டும் பதில்.)

கேள்வி: எனக்குச் சுருட்டை முடி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம், எது நல்லது?

பதில்: முடி சுருளாக நிற்பதற்கு முக்கியக் காரணம் அதன் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகள். ஸ்ட்ரெயிட்டனிங் அல்லது ரீபாண்டிங்கில் அம்மோனியம் தயோகிளைகோலேட் போன்ற க்ரீம் அவற்றை அறுத்துவிடும். பிறகு அயர்ன் வைத்து நேராக்கி, பெராக்சைடு உள்ள நியூட்ரலைசர் போட்டால், பிணைப்புகள் அந்த நேரான நிலையிலேயே மறுபடி சேர்ந்துகொள்ளும். செய்த முடி பழையபடி சுருளாது. ஆனால் வேரிலிருந்து மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் சுருட்டைதான் வளரும். ஆறு மாதத்தில் மேலே சுருள், கீழே கோடு. அதைப் பராமரிக்கப் பொறுமை இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள்.

கெரட்டின் வகை ஸ்மூத்தனிங்கில் திரவத்தைத் தடவிக் காயவைத்து, 200 டிகிரிக்கு மேல் சூடான அயர்னால் அழுத்துவார்கள். சிலுப்பல் அடங்கும், சுருள் கொஞ்சம் தளரும். மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள், குளிக்கக் குளிக்கப் போய்விடும்.

ஒரு சிக்கல்: வீரியம் குறைந்த தயோகிளைகோலேட் க்ரீமையே ஸ்மூத்தனிங் என்று விற்கும் சலூன்களும் உண்டு. அதனால் விலைப்பட்டியலை விட்டுவிட்டுப் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'தயோ' என்று இருந்தால் அது நிரந்தரம்.

கேள்வி: அலை அலையான முடி. ஈரக் காற்று பட்டாலே சிலுப்பிக்கொள்கிறது.

பதில்: இதற்கு ரீபாண்டிங் தேவையே இல்லை. முதலில் கழுவாமல் விடும் கண்டிஷனர் ஒன்றை ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் ஸ்மூத்தனிங்.

கேள்வி: ப்ளீச் செய்து கலர் போட்ட முடியை ஸ்ட்ரெயிட்டன் செய்யலாமா?

பதில்: வேண்டாம். ப்ளீச்சே நிறையப் பிணைப்புகளைத் தின்றிருக்கும். நனைந்த ஒரு முடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டு திரும்பாமல் நின்றாலோ, பட்டென்று அறுந்தாலோ, தயோ பட்டதும் கொத்தாகக் கையில் வரும். எந்த முடியானாலும், உள்பக்கம் ஒரு கற்றையில் சோதித்துப் பார்க்காமல் தலை முழுக்கத் தடவ விடாதீர்கள்.

கேள்வி: மருதாணி போடுகிறேன். பரவாயில்லையா?

பதில்: வெறும் இலை என்றால் பெரிய பயம் இல்லை. பாக்கெட்டில் வரும் 'கறுப்பு மருதாணி' சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். பெராக்சைடு பட்டால் சூடேறி முடி பொசுங்கும். கற்றைச் சோதனை, மறக்க வேண்டாம்.

கேள்வி: கெரட்டின், ஸ்ட்ரெயிட்டனிங், எது நல்லது?

பதில்: முதல் பதில்.

கேள்வி: நானும் சலூன் நடத்துகிறேன். எங்கள் கெரட்டினில் 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று அச்சிட்டே வருகிறது. இப்படிப் பாட்டிலைப் பார், பாட்டிலைப் பார் என்று சொல்லி ஏன் வாடிக்கையாளரைக் கிளப்பிவிடுகிறீர்கள்?

பதில்: அந்த அச்சை நம்பக்கூடாது என்பதால்தான். ஃபார்மால்டிஹைடு என்ற வாயு தண்ணீரில் கரைந்தால் மெத்திலீன் கிளைகோல் ஆகும். லேபிளில் அந்தப் பெயரைப் போட்டுவிட்டு 'இல்லை' என்று எழுதிவிடலாம். அயர்ன் சூட்டில் வாயு வெளியே வரத்தான் செய்யும். 'இல்லை' என்ற பொருள்களைப் பயன்படுத்திய சலூன்களின் காற்றிலும் அது இருந்தது என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 2011-இல் எச்சரித்தது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள் அது. வாடிக்கையாளர் சில மாதத்துக்கு ஒருமுறை முகர்கிறார். நீங்கள் தினமும்.

அவரே: எங்களுடையதில் ஃபார்மால்டிஹைடுக்குப் பதில் கிளையாக்ஸிலிக் அமிலம்தான். இப்போது என்ன சொல்வீர்கள்?

பதில்: சிறுநீரகம் என்று சொல்வேன். 2020, 2021, 2022 என மூன்று முறை இதே அமிலம் உள்ள ஸ்ட்ரெயிட்டனிங் செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு, மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்டார்கள். எலிகளின் தோலில் அந்த க்ரீமைத் தடவிப் பார்த்தபோது, சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் சேர்ந்தன. எல்லோருக்கும் வரும் என்று சொல்லவில்லை. வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அவரே: அப்போ கடையை மூடிவிடலாமா?

பதில்: எனக்கும் இதே பிழைப்புதான். தலைத்தோலில் படாமல் ஒரு சென்டிமீட்டர் விட்டுத் தடவுங்கள். புண், அரிப்பு இருந்தால் செய்யாதீர்கள். சிறுநீரகப் பிரச்சனை உண்டா என்று கேளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஏசி அறைக்குள் அடைத்துக்கொண்டு அயர்ன் போடாதீர்கள். அப்புறம், கண் எரிகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் 'அது சகஜம்' என்று சமாளிக்க வேண்டாம்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன். எது பாதுகாப்பு?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம்.

கேள்வி: கெரட்டின் புரதம்தானே, முடி பலப்படும் இல்லையா?

பதில்: மேலே பூச்சாக நிற்கும். உள்ளே உடைந்ததை ஒட்டாது.

கேள்வி: முடி கொட்டுகிறது, எதைச் செய்யலாம்?

பதில்: தோல் மருத்துவரைப் பாருங்கள். இரண்டில் எதுவும் அதற்கு மருந்தில்லை.

கேள்வி: ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், எது பெஸ்ட்?

பதில்: சீப்பு.

கேள்வி: போன வருடம் ரிலாக்ஸர் (சுருளை நேராக்கும் இன்னொரு வகை க்ரீம்) போட்டேன். இப்போது ரீபாண்டிங் செய்யலாம் என்று சலூனில் சொல்கிறார்கள்.

பதில்: எந்த ரிலாக்ஸர் என்று கேட்டார்களா? சோடியம் ஹைட்ராக்சைடு வகை என்றால், அது பிணைப்பை வேறொன்றாகவே மாற்றிவிடும். தயோவால் அதைப் பிரித்துச் சேர்க்க முடியாது, முடி அறுந்துதான் போகும். காலம் போனாலும் இது மாறாது. ரிலாக்ஸர் பட்ட நீளம் முழுவதையும் வெட்டி எடுத்த பிறகுதான் ரீபாண்டிங் பேச்சே.