பாட்டு பாதியில் நிற்பது ஏன்?

கேள்வி: லினக்ஸில் பழைய பிசிஐ சவுண்ட் கார்டு ஒன்றுக்கு டிரைவர் எழுதுகிறேன். பாட்டு சற்று ஓடியதும் ஒரே துணுக்கு திரும்பத் திரும்பக் கேட்கிறது. கர்னல் லாகில் 'ஐஆர்க்யூ 17: நோபடி கேர்ட்' என்ற வரி (17-ஆம் இன்டரப்ட் லைனில், அதாவது சாதனங்கள் சிபியுவை அழைக்கும் கம்பியில், வந்த அழைப்பை யாரும் ஏற்கவில்லை). அதே லைனில் உள்ள யுஎஸ்பி கன்ட்ரோலரும் தடுமாறுகிறது. இன்டரப்டைக் கவனிக்கும் என் ஹேண்ட்லர் எப்போதும் 'ஹேண்டில்ட்' (கவனித்தாயிற்று) என்றே திருப்பும்படி மாற்றிவிடலாமா?

பதில்: கூடாது. ஒரு லைனில் வரும் 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் எந்த ஹேண்ட்லரும் பொறுப்பேற்காவிட்டால், கர்னல் அந்த லைனையே மூடிவிடும். யுஎஸ்பியும் சேர்ந்து அடிபடுவது அதனால்தான். பொய்யாக 'ஹேண்டில்ட்' சொன்னால் லைன் மூடப்படாது. இன்டரப்ட் ஓயாமல் வந்து ஒரு சிபியு கோரையே விழுங்கிவிடும். அது இதைவிட மோசம்.

அநேகமாக, பிளேபேக் பிட்டை மட்டும் பார்க்கிறீர்கள். ஆனால் இன்டரப்ட் மாஸ்க்கில் (எந்தக் காரணங்களுக்கு இன்டரப்ட் வரலாம் என்ற பட்டியல்) ஃபைஃபோ அண்டர்ரன் (ஒலித் தரவு தீர்ந்துபோவது) போன்ற வேறொரு பிட்டும் திறந்திருக்கிறது. பிசிஐ லைன் லெவல் வகை. அந்தப் பிட்டை யாராவது அழிக்கும்வரை இறங்காது.

முதலில், இன்டரப்டின் காரணத்தைப் பிட்டுகளாகக் காட்டும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படியுங்கள். எல்லா பிட்டும் 1 என்று வந்தால் கார்டு பதிலே தரவில்லை என்று பொருள், 'நன்' (என்னுடையது இல்லை) திருப்புங்கள். இல்லையென்றால், திறந்துவைத்த பிட்டுகளோடு ஆண்ட் செய்யுங்கள். மிச்சம் 0 என்றாலும் 'நன்'தான். மிச்சம் இருந்தால் அதே மதிப்பைத் திருப்பி எழுதி அழியுங்கள் (1 எழுதினால் அழியும் வகை ரெஜிஸ்டர் என்றால்). எல்லா பிட்டையும் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். படித்த பிறகு எழுந்த பிட் தொலைந்துவிடும். எழுதியது பஸ்ஸில் தேங்கலாம் என்பதால் ஒருமுறை திரும்பப் படித்துவிடுங்கள். பீரியட் (இரண்டு இன்டரப்டுக்கு இடையே ஓடும் ஒலித் துண்டு) முடிந்ததை ஆல்சாவுக்கு (லினக்ஸின் ஒலி அமைப்பு) சொல்வது இதற்கெல்லாம் பிறகுதான்.

சரியானதா என்று பார்க்க: 48,000 ஹெர்ட்ஸில் பீரியட் 1,024 ஃபிரேம் என்றால் நொடிக்குச் சுமார் 47 இன்டரப்ட். யுஎஸ்பியைச் சும்மா வைத்துவிட்டு, ப்ராக்கில் உள்ள, இன்டரப்ட் எண்ணிக்கையைக் காட்டும் இன்டரப்ட்ஸ் கோப்பை 10 நொடி இடைவெளியில் இருமுறை பாருங்கள். ஐஆர்க்யூ 17-இன் வித்தியாசம் 470-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

கேள்வி: பாட்டு நன்றாக ஓடுகிறது. அண்டர்ரன் வந்தால் மட்டும் கணினியே உறைகிறது.

பதில்: ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை சிபியு சுழன்றபடி காத்திருக்கும் பூட்டு) பிடித்தபடியே, பீரியட் முடிந்ததை ஆல்சாவுக்குச் சொல்லும் 'பீரியட் எலாப்ஸ்ட்'டை அழைக்கிறீர்கள். அண்டர்ரன் தெரிந்ததும் அது அங்கேயே, பாட்டைத் தொடங்கவும் நிறுத்தவும் உள்ள உங்கள் டிரிகர் ஃபங்ஷனை, நிறுத்தச் சொல்லி அழைக்கும். அதுவும் அதே லாக்கைக் கேட்டு, விடுபடாத லாக்குக்காகக் காத்தே உறையும். ஸ்டேட்டஸை லோக்கல் மாறியில் வைத்துக்கொண்டு, லாக்கை விட்டபின் அழையுங்கள். 'புரூவ் லாக்கிங்' போட்டு கர்னலைக் கட்டினால், இதுபோன்ற சிக்கலை, கர்னலின் லாக் சோதனைக் கருவியான லாக்டெப் பெரும்பாலும் ஃபங்ஷன் பெயரோடு காட்டிக்கொடுக்கும்.