உருவமே இல்லாத ஓவியத்தில் ஓவியரின் ஊரும் பால்யமும் எப்படி இருக்க முடியும்?

நானும் படம் தீட்டுகிறவன். இதே கேள்வி என்னிடமும் பல வருடங்கள் இருந்தது. எனக்கு இது புரிந்தது இந்திய ஓவியர் சையத் ஹைதர் ரஸாவின் படங்கள் வழியாகத்தான், அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ரஸா 1922இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா பகுதியில் பிறந்தவர். அப்பா வனத்துறையில் வேலை பார்த்தார். சுற்றிலும் காடு. இரவானால் அந்தக் காடு பயமுறுத்தும். அங்கே வாழும் கோண்டு பழங்குடி மக்களின் ஆட்டம்தான் அந்த இருட்டில் கொஞ்சம் தைரியம் தரும். விடிந்த பிறகுதான் நிம்மதி. சந்தை நாள் வெயிலில் ஊர் முழுக்க நிறமாக இருக்கும். இதையெல்லாம் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். பள்ளியில் அவருக்குப் பாடத்தில் மனம் நிலைக்கவில்லை. ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியை வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாராம்.

1950இல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் போனார். அங்கே அவர் தீட்டியதில் பிரெஞ்சு கிராமங்களும் வீடுகளும் தேவாலயங்களும் நிறைய. 1956இல் அங்குள்ள விமர்சகர்களின் பரிசும் கிடைத்தது. பெயர் வந்துவிட்டது, ஆனால் படங்களில் மண்ட்லா இன்னும் வரவில்லை. 1962இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பாடம் நடத்தப் போனார். அங்கே பார்த்த, அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ராத்கோவின் படங்கள் அவரை உலுக்கின. அப்புறம் வீடுகளும் கூரைகளும் மெல்ல மெல்லக் கரைந்து, நிறம் மட்டும் மிஞ்சியது.

அவருடைய 1970களின் படங்களைத் தேடிப் பாருங்கள். அடர்ந்த கறுப்பு, அதற்குள்ளிருந்து கனல் மாதிரி எழும் சிவப்பும் ஆரஞ்சும். ஒரு மரம்கூடக் கிடையாது. ஆனாலும் அது காட்டு இரவுதான். காடு எப்படி இருந்தது என்பதை விட்டுவிட்டு, அந்தக் காட்டில் ஒரு சின்னப் பையனுக்கு எப்படி இருந்தது என்பதைத் தீட்டியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். கண் பார்த்த காட்சி மங்கிப் போகலாம். உடம்பு பட்ட பயமும் வெயிலும் அவ்வளவு சுலபத்தில் போவதில்லை. அரூப ஓவியர் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

பள்ளிச் சுவரில் இருந்த புள்ளியும் அப்படித்தான் திரும்பி வந்தது, 'பிந்து' (புள்ளி) என்ற பெரிய கரிய வட்டமாக. பிந்து என்றதும் பலர் யந்திரம் என்ற வழிபாட்டு வரைபடம், தாந்திரிக வழிபாட்டு மரபு என்று விளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தவறில்லை, ரஸா அவற்றில் உண்மையாகவே ஈடுபாடு கொண்டவர். ஆனால் அந்தத் தத்துவம் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு பையன் சுவர்ப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு அமைதியாகியிருக்கிறான். எனக்கு அதுதான் வேர். 1981இல் தீட்டிய 'மா' என்ற படத்தில் கவிஞர் அசோக் வாஜ்பேயியின் இந்திக் கவிதை வரி ஒன்றை எழுதியிருக்கிறார்: திரும்பி வரும்போது உனக்கு என்ன கொண்டுவருவேன் என்று அம்மாவிடம் கேட்கிற வரி. பாரிஸில் முப்பது வருடம் இருந்தவர் தன் படத்தில் எழுதிவைத்த வரி என்று நினைத்துப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது. கடைசிக் காலப் பிந்துகள் பல ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதாக எனக்குத் தோன்றும். 'மா' அப்படியல்ல.

எல்லோருக்கும் நினைவு நிறமாகத்தான் வரும் என்றில்லை. அலிகாரில் 1937இல் பிறந்த அச்சோவியக் கலைஞர் ஸரீனாவுக்கு அது கோடாக வந்தது. பிரிவினைக்குப் பிறகு அவர் குடும்பம் பாகிஸ்தான் போனது; அவர் பல நாடுகளில் வாழ்ந்தார். சிறுவயது வீட்டை அவர் வெறும் தரைவரைபடமாகச் செதுக்கி அச்செடுத்தார். சுவர் எங்கே, வாசல் எங்கே, அவ்வளவுதான். கணிதம் படித்தவர் என்பது அந்தக் கோடுகளில் தெரியும். வீடு இழந்தவர்கள் அந்தப் படத்தின் முன் நின்றால், தங்கள் வீட்டுக்குள்ளேயே நடப்பதுபோல இருக்கும்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். பாட்டி வீட்டை இடித்த பிறகு, அதை நினைவிலிருந்து தீட்ட ஆரம்பித்தேன். ஓடு, தூண், முற்றம், எல்லாம் சரியாக வந்தது. பார்த்தால் அஞ்சல் அட்டை மாதிரி இருந்தது. பாட்டி அதில் இல்லை. ஆறேழு கேன்வாஸ் அப்படி வீணானது. பிறகு ஒருநாள், அந்த வீட்டில் எனக்கு உண்மையில் ஞாபகம் இருப்பது என்ன என்று உட்கார்ந்து யோசித்தேன். நெல் வைக்கும் உள்ளறையின் இருட்டு. கூரையில் இருந்த ஒரே கண்ணாடி ஓட்டின் வழியாக விழும் வெளிச்சம். அதில் மிதக்கும் தூசி. கேன்வாஸ் முழுக்கக் கரும்பழுப்பைப் பூசினேன். காயக் காய மேலே மேலே பூசினேன். மேல் மூலையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நெல்லு ரூமா?" என்று கேட்டார்.